பதினேழாம் கட்டிலருகே கற்ற பாடம்

பாடம் முடியும் வேளையில் பேராசிரியர் கரும்பலகையிலிருந்து திரும்பி, "புரிந்ததா?" என்று கேட்கிறார். "புரிந்தது, சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் முழங்குகிறது. அம்முழக்கத்தில் என் குரலும் உண்டு. பல நாட்கள் ஒன்றும் புரியாமலே அந்தக் குரலைக் கொடுத்திருக்கிறேன். நண்பர்களே, நீங்களும் கொடுத்திருப்பீர்கள்! வகுப்பறையில் இந்தச் சிறு பொய்யினால் பெருங்கேடு ஒன்றும் விளைந்துவிடுவதில்லை. தேர்வில் சில மதிப்பெண்கள் குறையும், அவ்வளவுதான். ஆனால் இதே பொய்யை ஒரு மருத்துவமனையில் நோயாளியின் தலைமாட்டில் நின்று சொன்னால் என்ன ஆகும்? அதை நான் என் தந்தையின் உயிரைப் பணயமாக வைத்து அறிந்துகொண்டேன். அறியச் செய்தவர் ஒரு செவிலியர். அவரிடம் கற்ற பாடத்தையே இங்கு எழுத முற்படுகிறேன்.

என் தந்தையார் சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளி. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற ஆண்டு, நான் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, அவர் காலில் ஓர் ஆணி ஏறியது. ஏறியது அவருக்கே தெரியவில்லை! நீரிழிவு நாட்பட நாட்படப் பாதத்தின் நரம்புகள் உணர்வை இழந்துவிடுகின்றன; முள் தைத்தாலும் நெருப்புச் சுட்டாலும் வலிப்பதில்லை. வலி இருந்தால் மனிதன் நின்று பார்ப்பான். வலி இல்லாதவன் நடந்துகொண்டே இருப்பான். அப்பா நான்கு நாட்கள் அந்தக் காலோடு மூட்டை சுமந்திருக்கிறார். செருப்பில் ஒட்டியிருந்த கறையைக் கண்டு அம்மாதான் அலறினார். கால் வீங்கிக் கறுத்த பிறகு அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். ஆடவர் அறுவைப் பிரிவில் 17ஆம் கட்டில் கிடைத்தது. அங்கே இருபத்தொரு நாட்கள் இருந்தோம்.

அம்மா பகலில் துணை இருப்பார். மாலையில் வீட்டுக்குச் சென்று, தம்பி தங்கைக்கும் சேர்த்துச் சமைத்து, அப்பாவுக்கு இரவு உணவு கொண்டுவருவார். நான் கல்லூரி விட்டு நேராக மருத்துவமனைக்குப் போவேன். இரவெல்லாம் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே சீட்டைப் படிப்பது, கையெழுத்திடுவது, மருத்துவர் சொல்வதைக் கேட்டு வந்து வீட்டாருக்கு விளக்குவது எல்லாம் என் தலையில் விழுந்தன. "அவன் படிக்கிற பிள்ளை, அவனுக்குத் தெரியும்" என்று அப்பா பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் தோன்றும் பெருமிதத்தைப் பார்த்த பிறகு, 'எனக்குத் தெரியாது' என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பிரிவில் நாற்பது கட்டில்கள். இரவில் இரண்டு செவிலியர்கள். அவர்களுள் ஒருவர் முப்பது வயதை ஒட்டியவர். எல்லாரும் அழைப்பதுபோல நானும் அவரைச் 'சிஸ்டர்' என்றே அழைத்தேன். அவர் என்னைத் 'தம்பி' என்பார். அப்பாவை 'ஐயா' என்பார். முதல் இரண்டு நாட்களிலேயே அவரிடம் ஒரு விந்தையான பழக்கத்தைக் கண்டேன். எங்கள் பிரிவில் ஒரே பெயர் கொண்ட நோயாளிகள் இருவர் இருந்தனர். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் சிஸ்டர், "நீங்கதானே இன்னார்?" என்று ஒருபோதும் கேட்கமாட்டார். "உங்க பேரு என்ன ஐயா? அப்பா பேரு?" என்றுதான் கேட்பார். பத்து நாட்களாகப் பார்த்த முகம். நேற்றுதான் சொன்ன பெயர். இருந்தும் அதே கேள்வி! "என்ன சிஸ்டர், தினமும் பேரைக் கேக்குறீங்க, மறந்துபோச்சா?" என்று ஒரு பெரியவர் கேலி செய்தார். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "எனக்கு ஞாபகம் இருக்கு, நீங்க சொல்லிக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கேஸ் ஷீட்டைப் பார்த்தார்.

இது வேண்டாத சடங்கு என்றுதான் நானும் அப்போது எண்ணினேன். காய்ச்சலிலும் அரைத் தூக்கத்திலும் கிடக்கும் ஒருவரிடம் எந்தப் பெயரைச் சொல்லி "நீங்கதானே?" என்றாலும் தலையை ஆட்டிவிடுவார் என்பதை நான் சிந்திக்கவில்லை. தலையாட்டல் வேறு, விடை வேறு என்பதை அறிய எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பருவத் தேர்வுக்கு மூன்று வாரங்களே இருந்தன. கரிம வேதியியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே அமர்ந்திருந்தேன். மாலையில் மருத்துவமனை கொடுத்த கோதுமை உப்புமாவை அப்பா தொடவில்லை. "அம்மா களி கொண்டாருவா" என்று ஒதுக்கிவிட்டார். அதை நான் பக்கத்துக் கட்டில் பெரியவரின் பேரனுக்குக் கொடுத்துவிட்டேன். ஏழு மணிக்குச் சிஸ்டர் இன்சுலின் ஊசியோடு வந்தார். பெயர் கேட்டார், அப்பா சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "சாப்பாடு இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

"இருக்கு சிஸ்டர்" என்றேன்.

சாப்பாடு இல்லை. அது எங்கோ பேருந்தில் வந்துகொண்டிருந்தது. மருத்துவமனை உணவை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் கடிந்துகொள்வாரோ என்ற அச்சம் ஒருபுறம். இன்னும் அரைமணி நேரத்தில் அம்மா வந்துவிடுவார், இதற்கு ஏன் இத்தனை விளக்கம் என்ற அலட்சியம் மறுபுறம். இன்சுலின் ஊசிக்கும் சோற்றுக்கும் உள்ள உறவு எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் ஒன்றும் தெரியாது. அவர் 20 யூனிட் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அன்று மழை. பேருந்து வழியில் நின்றுவிட்டது. எட்டு மணிக்கும் அம்மா வரவில்லை, எட்டரைக்கும் வரவில்லை. அப்பா புரண்டு புரண்டு படுத்தார். பிறகு, "லாரி வந்திருச்சு, மூட்டைய எறக்கணும்" என்று முணுமுணுத்தார். கனவு காண்கிறார் என்று நினைத்தேன். "பேசாமப் படுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். ஒருநாளும் என்மீது கையோங்காதவர் அவர்! எனக்குக் கோபம் வந்தது. கோபித்துக்கொண்டு மீண்டும் படிக்கத் தொடங்கினேன் என்பதை எழுத இப்போதும் கை கூசுகிறது. எதிர்க் கட்டிலுக்குத் துணையிருந்த ஒரு பாட்டிதான், "ஏய் தம்பி, உங்கப்பன் சட்டை நனைஞ்சு ஊத்துது பாரு, ஓடிப்போயி நர்சம்மாவக் கூட்டியா" என்று அதட்டினார்.

சிஸ்டர் ஓடி வந்தார். வந்ததும் நெற்றியில் புறங்கையை வைத்தார். சில்லென்றிருந்தது. "காய்ச்சல் வேர்வை இல்ல" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். "ஐயா, உங்க பேரு என்ன?" என்று கேட்டார். ஒரு வாரமாகத் தினமும் இருவேளை அந்தக் கேள்விக்குச் சரியாக விடை சொன்ன அப்பா, அன்று விழித்துப் பார்த்தார், நாக்குக் குழறியது, பெயர் வரவில்லை. வேண்டாத சடங்கு என்று நான் நினைத்த கேள்வி, அந்த ஒரு கணத்தில், நினைவு தப்புகிறது என்பதைக் காட்டிக் கொடுத்துவிட்டது. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார். கருவியில் 42 என்று வந்தது. இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனாலே குறைவு. 54க்குக் கீழே போனால் ஆபத்து. மூளைக்கு வேண்டிய எரிபொருளே சர்க்கரைதான். அது குறையக் குறைய மனிதன் உளறுகிறான், சினம் கொள்கிறான், வலிப்பு வருகிறது, நினைவிழக்கிறான். கவனியாமல் விட்டால் உயிரே போகலாம். நான் கனவு என்றும் கோபம் என்றும் நினைத்தது பசித்த மூளையின் கூக்குரல்!

அவர் வாயிலிருந்து 'சர்க்கரை கொறஞ்சிருக்கு' என்ற சொல் வந்ததும் நான் பதறிப்போய்ப் பக்கத்துக் கட்டிலில் சீனி வாங்கித் தண்ணீரில் கரைத்து அப்பாவின் வாயருகே கொண்டுபோனேன். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "நெனவு தெளிவா இருந்தா குடுக்கலாம் தம்பி. இப்ப ஊத்துனா மூச்சுக் குழாய்க்குள்ள போயிடும்" என்றார். கையில் ஏற்கெனவே ஏற்றியிருந்த டிரிப் ஊசியின் வழியே 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசலைச் செலுத்தினார். நூறு மில்லிலிட்டர், அதாவது இருபத்தைந்து கிராம் சர்க்கரை. அந்த நிலையிலும் என் மனம் கணக்குப் போட்டது!

அதற்குள் மற்றொரு செவிலியர் தொலைபேசியைக் கொண்டுவர, சிஸ்டர் பணி மருத்துவரிடம் பேசினார். அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை. "சார், 17ஆம் கட்டில், கால்புண் கேஸ், வயசு 52. ஏழு மணிக்குக் கலப்பு இன்சுலின் 20 யூனிட் போட்டோம், சாப்பிடல. இப்ப சர்க்கரை 42, பேச்சுக் குழறுது. சர்க்கரை கொறஞ்சதுதான்னு நெனைக்கிறேன். டெக்ஸ்ட்ரோஸ் போய்க்கிட்டிருக்கு. நீங்க வந்து பாக்கணும்." அவ்வளவுதான். யார், என்ன நடந்தது, தம் கருத்து என்ன, என்ன வேண்டும். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. மறுமுனையில் மருத்துவர் ஏதோ சொன்னார். சிஸ்டர் அதை அப்படியே திருப்பிச் சொன்னார்: "பதினஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு தடவை, அப்புறம் மணிக்கு ஒரு தடவை பாக்கணும், சரியா சார்?" 'சரி' என்று மட்டும் சொல்லி அவர் தொலைபேசியை வைக்கவில்லை. தாம் கேட்டது சரிதானா என்று தம்மையே சோதித்துக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் அப்பா கண் விழித்தார். "ஏன்டா அழுவுற?" என்று என்னைக் கேட்டார். அதன்பிறகுதான் நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. ஒன்பது மணி தாண்டி, மழையில் நனைந்த தூக்குப்பாத்திரத்தோடு அம்மா வந்து சேர்ந்தார். அப்பா சாப்பிட்டார். சர்க்கரை 130க்கு ஏறியது. எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். சிஸ்டர் அப்படி நினைக்கவில்லை. கலப்பு இன்சுலினில் விரைந்து வேலை செய்யும் பகுதி ஒன்று, மெதுவாக நெடுநேரம் வேலை செய்யும் பகுதி ஒன்று உண்டு. பின்னது இரவெல்லாம் உடம்பில் இருக்கும். உறக்கத்திலேயே மீண்டும் சர்க்கரை குறையலாம். ஆகவே அவர் பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும்கூட விளக்கைப் போட்டு, அப்பாவை எழுப்பி, பெயர் கேட்டு, விரலில் குத்திப் பார்த்தார்.

மூன்று மணிக்கு வந்தபோது நான் எழுந்து நின்றேன். "சிஸ்டர், சாப்பாடு இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "தப்பு என்னோடதும்தான் தம்பி. 'இருக்கா'ன்னு கேட்டேன். 'காட்டுங்க'ன்னு கேட்டிருக்கணும். அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன்."

எழுதி வைத்திருந்தார்! யாரும் கேட்காத நிலையில், பழி முழுவதையும் என்மீது போட எல்லா நியாயமும் இருக்கும்போது, உணவைக் கண்ணால் பார்க்காமல் ஊசி போட்டதைத் தம் கையாலேயே பதிவேட்டில் எழுதி, காலையில் பொறுப்புச் செவிலியரிடமும் சொன்னார். எதற்காக என்பது மறுநாள் மாலையில் விளங்கிற்று. அன்று முதல் எங்கள் பிரிவில் இன்சுலின் வண்டி வருவதற்குமுன் ஒவ்வொரு கட்டிலிலும் சாப்பாட்டுத் தட்டு வந்திருக்க வேண்டும் என்ற வழக்கம் ஏற்பட்டது. "தட்டைக் காட்டுங்க" என்ற பிறகே ஊசி. ஒரு தவறு ஒளிக்கப்படாமல் எழுதப்பட்டதால், அந்தப் பிரிவில் இருந்த சர்க்கரை நோயாளிகள் அனைவருக்கும் அது காப்பாக மாறியது.

அதன்பின் நானும் செவிலியம் குறித்துத் தேடிப் படித்தேன். 1854இல் கிரிமியப் போரின்போது 38 பெண்களோடு ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை 'கைவிளக்கு ஏந்திய காரிகை' என்று பள்ளியில் படித்திருக்கிறோம். விளக்கு நமக்கு நினைவிருக்கிறது. அவர் கேட்கச் சொன்ன கேள்விகள் நினைவில்லை. 1859இல் வெளிவந்த செவிலியம் பற்றிய தம் நூலில், நோயாளியின் நிலையை எப்படிக் கேட்டறிவது என்பதற்கு அவர் பல பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். 'நன்றாகத் தூங்கினாரா?' என்று கேட்டால் கிடைக்கும் விடையால் பயனில்லை. எத்தனை மணி நேரம், எந்தெந்த நேரத்தில் தூங்கினார் என்று கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து. விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் உண்மை வெளிவராது என்று நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டறிந்திருக்கிறார் அந்த அம்மையார். நம் வள்ளுவப் பெருந்தகையோ அவருக்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்டவர். 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து மருந்தூட்டுபவர். அந்த நான்காமவரை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். மருத்துவர் நாளைக்கு ஒருமுறை இருமுறை வந்து போகிறார். இருபத்து நான்கு மணி நேரமும் அருகில் இருந்து, 'இந்த மருந்தை இந்த நேரத்தில் இவருக்குக் கொடுக்கலாமா?' என்று ஒவ்வொரு முறையும் தீர்மானிப்பவர் செவிலியரே.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். 1921இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்பவர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்குமுன் அந்நோய் கண்ட குழந்தைகள் பிழைத்ததில்லை. அத்தகைய அமுதம் அளவிலோ வேளையிலோ சிறிது பிசகினால் நஞ்சாகிவிடுகிறது. அமுதத்திற்கும் நஞ்சுக்கும் இடையே நிற்பது ஒரு கேள்வி: "சாப்பிட்டாச்சா? காட்டுங்க."

அப்பாவின் காலில் ஒரு விரலை மட்டும் எடுத்தார்கள், கால் பிழைத்தது. வீட்டுக்குப் புறப்படும் நாளன்று சிஸ்டருக்குப் பகல் பணி. இனி வீட்டிலேயே இன்சுலின் போட வேண்டும். மருந்துக் குப்பிகளை மருத்துவமனையிலேயே கொடுத்தார்கள். சிரிஞ்சுகளை என் பெரியப்பா தந்திருந்தார். அவரும் சர்க்கரை நோயாளி, பிரிக்காத உறைகள் சில அவர் வீட்டில் மீந்திருந்தன. ஊசி போடும் முறையைச் சிஸ்டர் நிதானமாக விளக்கினார்.

"புரிஞ்சது சிஸ்டர்" என்றேன். பழக்கம் விடுமா?

"சரி தம்பி, இப்ப எனக்குத் தெரியாதுன்னு வச்சுக்குங்க. நீங்க எனக்குச் செஞ்சு காட்டுங்க."

நான் மிடுக்கோடு குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி, சிரிஞ்சை எடுத்து, 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்து நீட்டினேன். சிஸ்டர் சிரிஞ்சைப் பார்க்கவில்லை. அதன் மூடியைப் பார்த்தார். மூடி ஆரஞ்சு நிறம். "குப்பியில என்ன எழுதியிருக்கு, படிங்க" என்றார். 'ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட்' என்று எழுதியிருந்தது. "சிரிஞ்சில?" அதில் 100 என்றிருந்தது.

நண்பர்களே, அன்று காலைதான் ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டையும் பிப்பெட்டையும் வைத்துக்கொண்டு கரைசல்களின் செறிவைக் கணக்கிட்டுவிட்டு வந்திருந்தேன்! நம் நாட்டுக் கடைகளில் 40 யூனிட் குப்பியும் கிடைக்கிறது, 100 யூனிட் குப்பியும் கிடைக்கிறது. 40க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100க்கு உரியது ஆரஞ்சு. நான் இழுத்தது 0.2 மில்லிலிட்டர். அதில் இருந்தது 8 யூனிட் மட்டுமே. "இப்படியே போட்டிருந்தா சர்க்கரை ஏறும், டாக்டர் பத்தலைன்னு அளவைக் கூட்டுவார், அப்புறம் ஒருநாள் நீங்க சரியான சிரிஞ்சு வாங்கிட்டீங்கன்னா, கூட்டின அளவு மொத்தமும் ஒரேயடியா உள்ள போகும். மறுபடி அந்த ராத்திரிதான்" என்றார் சிஸ்டர். இதற்கு மாறாக, 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட்! எனக்குத் தலை சுற்றியது. நான் 'புரிந்தது' என்று சொன்னதை நம்பி அவர் எங்களை அனுப்பியிருந்தால்?

அவர் அதோடு நிற்கவில்லை. சிவப்பு மூடிச் சிரிஞ்சு ஒன்றை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். "அம்மா, நீங்க செய்ங்க."

"அவளுக்கு எழுத்து தெரியாதே சிஸ்டர்" என்றார் அப்பா. "நான் போட்டுவிடுகிறேன்" என்றேன் நான்.

"தம்பி காலேஜுக்குப் போயிட்டா யாரு போடுவா?" என்று கேட்டார் சிஸ்டர்.

அம்மா சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அரிசி அளக்கும் படியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நாற்பது கோட்டில் இருபது என்பது சரிபாதி. "பாதி வரைக்கும்தானே? செவப்பு மூடி, பாதி அளவு" என்று சொல்லிக்கொண்டே பிசகில்லாமல் இழுத்துக் காட்டினார். பிறகு கேள்விகள் கேட்கத் தொடங்கினார். "வீட்ல பிரிட்ஜ் இல்லியே, மருந்தை எங்க வைக்கிறது?" மண்பானையில் தண்ணீர் வைத்து, குப்பியைத் தண்ணீர் புகாத டப்பாவில் மூடி அதனுள் வைக்கலாம் என்றார் சிஸ்டர். "செவப்பு மூடி கடையில இல்லேன்னா?" வேறு நிறம் வாங்கவே கூடாது, குப்பியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி அதற்கு உரியதைக் கேட்க வேண்டும். "தெனமும் ஒரே எடத்துல குத்தலாமா?" கூடாது, இடம் மாற்றிப் போட வேண்டும். "இவரு சோறு எறங்காமக் கெடக்குற நாளு என்ன செய்யறது?" "நல்ல கேள்விம்மா" என்று சொல்லி, சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்படிப்பட்ட நாளில் நாமாக ஊசியை நிறுத்தவும் கூடாது, வழக்கம்போலப் போடவும் கூடாது. சர்க்கரையைப் பார்த்துவிட்டு மருத்துவமனையைக் கேட்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். வேர்வை, படபடப்பு, உளறல் கண்டால் நினைவிருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரை கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லி, அதையும் அம்மாவைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

அம்மா நான்கு கேள்விகள் கேட்டார். நான் இருபத்தொரு நாட்களில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. தெரியாது என்பதில் அம்மாவுக்கு வெட்கம் இல்லை. எனக்கோ கல்லூரிக்குப் போகிறேன் என்பதாலேயே வெட்கம் வந்துவிட்டது.

புறப்படும்போது சிஸ்டரிடம் அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நானும் பி.எஸ்ஸி. தான் தம்பி, நர்சிங். எங்க வீட்லயும் நான்தான் மொதல்ல படிச்சவ. கிளாஸ்ல எல்லாத்துக்கும் 'புரிஞ்சது மேடம்'தான். வார்டுக்கு வந்த அப்புறம்தான் பயம் வந்துச்சு. புரிஞ்சதான்னு கேட்டா எல்லாரும் தலையாட்டத்தான் செய்வாங்க. அது அவங்க தப்பு இல்ல. கேக்குற விதத்தை நாமதான் மாத்திக்கணும்" என்றார்.

நம் நாட்டில் செவிலியப் பட்டப்படிப்பு 1946இல் வேலூரிலும் தில்லியிலும் தொடங்கியது என்று பின்னர் படித்தபோது எனக்கு அவர் முகம் நினைவுக்கு வந்தது. ஊசி குத்துவதற்கும் கட்டுப் போடுவதற்கும் பட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நானே ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். அன்றிரவு அவர் நெற்றியைத் தொட்டதும், வாயில் ஊற்றவேண்டாம் என்று தடுத்ததும், மூன்று மணிக்கு விழித்து வந்ததும், தம் பிழையை எழுதி வைத்ததும் கையின் பழக்கத்தால் வந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஓர் அறிவும் ஒரு தீர்மானமும் இருந்தன.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகளாக ஆகப்போகிறவர்கள். வங்கியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் நம் பெற்றோர் நம்மையே முன்னே நிறுத்துகிறார்கள். நாம் சொல்லும் 'ஆம்' நம் குடும்பத்தின் 'ஆம்' ஆகிவிடுகிறது. ஆகவே தெரியாத இடத்தில் 'தெரியவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள்' என்று கேட்போம். பேராசிரியப் பெருமக்களிடமும் ஒரு பணிவான வேண்டுகோள். பாடம் முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்பதற்குப் பதிலாக, எங்களில் ஒருவனை எழுப்பி, "நீ சொல், கேட்போம்" என்று கேளுங்கள். முதலில் நான் விழிப்பேன். விழித்தாலும் குற்றமில்லை, அதன்பிறகு கற்றுக்கொள்வேன்.

இன்று அப்பா மீண்டும் சந்தைக்குப் போகிறார். மூட்டை சுமக்க அல்ல, கணக்குப் பார்க்க. சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் சர்க்கரை இருக்கும். மாலையில் அம்மா முதலில் தட்டில் உணவை வைப்பார். பிறகு சிவப்பு மூடியைக் கழற்றி, பாதிக் கோடு வரை மருந்தை இழுத்து, "சரியா பாரு" என்று என்னிடம் நீட்டுவார். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். பார்த்த பிறகே 'சரி' என்று சொல்கிறேன்.